எத்தனை கம்பி? சிக்குக் கோலமும் சனிக்கிழமைக் கணக்கும்

முதல் பலகையைத் தப்பாகத்தான் செய்தேன். ஆசாரி பட்டறையில் கழித்துப் போட்டிருந்த ப்ளைவுட் துண்டில் 3-க்கு 3 என்று ஒன்பது புள்ளி குறித்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் ஆணி அடித்தேன். ஆணிகளுக்கு இடையே நூலை நெளிய விட்டால் சிக்குக் கோலம் அப்படியே நிற்கும் என்று எண்ணம். நூலை இழுத்துக் கட்டியதும் அது ஆணிகளோடு போய் ஒட்டிக்கொண்டது. தளர்த்தினால் தொங்கியது. கோலத்தில் கம்பி, அதாவது வளைந்து ஓடுகிற கோடு, புள்ளியைத் தொடாமல் சுற்றிப் போக வேண்டும். இங்கே நூல் புள்ளியைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. வெள்ளிக்கிழமை இரவு பதினோரு மணி ஆகிவிட்டது. மறுநாள் காலை பத்து மணிக்கு இருபத்தாறு பிள்ளைகள் வருவார்கள்.

எங்களுடையது கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமம். நான் அரவை மில்லில் கணக்கு எழுதுகிறேன். 2024 செப்டம்பரில் ஊர்ப் படிப்பகத்தில் சனிக்கிழமைதோறும் ஒன்றரை மணி நேரம் கணக்கு வகுப்பு தொடங்கினோம். காசு கிடையாது, தேர்வு கிடையாது, பள்ளிப் பாடத்தைத் திரும்ப நடத்துவதும் கிடையாது. நாங்கள் நான்கு பேர். ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர், பி.எஸ்ஸி கணிதம் கடைசி வருஷம் படிக்கும் தம்பி ஒருவர், 2021இல் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்த அக்கா ஒருவர், அப்புறம் நான். அந்த அக்கா இல்லாவிட்டால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை எங்களால் பத்து நிமிஷம்கூட உட்கார வைத்திருக்க முடியாது.

முதல் மூன்று வாரம் கணக்குத் தாள் அச்செடுத்துக் கொடுத்தோம். புதிர்கள் நல்ல புதிர்கள்தான். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் தாளைப் பார்த்ததும் விடையைக் கத்திச் சொல்லிவிடுவார்கள். மற்றவர்கள் அதை எழுதிக்கொள்வார்கள். அது இன்னொரு டியூஷன் ஆகிக்கொண்டிருந்தது. விடையை எவரும் முன்கூட்டியே அறிந்திருக்காத, ஆனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் கையால் தொடக்கூடிய ஒரு கேள்வி வேண்டும். பெரிய பையனுக்குத் தெரியாதது சின்னப் பெண்ணுக்குத் தெரிந்ததாகவும் இருந்தால் இன்னும் நல்லது.

அப்படித்தான் கோலத்துக்கு வந்தோம். கேள்வி இதுதான்: நேர்ப்புள்ளியாக வரிசைக்கு இத்தனை, இத்தனை வரிசை என்று வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் கம்பி குறுக்கே வெட்டிப் போகும்படி சிக்குக் கோலம் போட்டால், மொத்தம் எத்தனை கம்பி வரும்? ஒரே கம்பியாக முடியுமா, இரண்டாகப் பிரியுமா, மூன்றா?

2-க்கு 3 போட்டுப் பாருங்கள். ஒரே கம்பி. 2-க்கு 2 போட்டால் இரண்டு முட்டை வடிவம், பெருக்கல் குறி மாதிரி ஒன்றின்மேல் ஒன்று. 3-க்கு 3 போட்டால் மூன்று: இரண்டு மூலைவிட்டங்களிலும் ஒவ்வொரு நீள முட்டை, நடுவில் ஐந்து புள்ளிகளை அடைத்த ஒரு சாய்ந்த சதுரம்.

படிப்பகத்துச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் தொடங்கினோம். ஐந்து பேருக்கு ஒரு குழு, ஒரு குழுவுக்கு ஒரே ஒரு சாக்பீஸ். இது எங்களுக்குத் தற்செயலாகக் கிடைத்த நல்ல ஏற்பாடு. அன்றைக்குப் பெட்டியில் ஆறு சாக்பீஸ்தான் மிச்சம் இருந்தன. ஒன்றுதான் இருக்கிறது என்றதும் ஒருத்தி வரைய, நான்கு பேர் குனிந்து பார்த்து, 'ஏய், அங்க தாண்டணும்' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு பெட்டி நிறைய இருந்தாலும் குழுவுக்கு ஒன்றுதான் கொடுக்கிறோம்.

சின்னப் பெண்கள் இதில் வேகம். மார்கழியில் வாசலில் நின்று பழகிய கை அது. ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் ஓரத்தில் கை கட்டி நின்றார்கள். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வாய்விட்டே கேட்டான்: 'அக்கா, இது பொம்பளப் பிள்ளைங்க வேலை. எங்களுக்கு எதுக்கு?'

அவனுக்கு நான் ஆப்பிரிக்காவைப் பற்றிச் சொன்னேன். அங்கோலா நாட்டில் சோக்வே மக்கள் மணலில் விரல் நுனியால் புள்ளி வைத்து, அதைச் சுற்றிக் கோடு இழுத்துப் படம் போடுவார்கள். சோனா என்று பெயர். விரலை எடுக்காமல் முடிப்பதுதான் திறமை. கதை சொல்லிக்கொண்டே வரைவார்கள். அங்கே அது ஆண்களின் வித்தை, பெரியவர்கள் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. மொசாம்பிக்கில் வாழ்ந்த பாலஸ் கெர்டெஸ் என்ற கணித அறிஞர் அந்தப் படங்களில் உள்ள கணக்கை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். நம் வாசல் கோலங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பையன் இதைக் கேட்டுக்கொண்டான். ஆனாலும் சாக்பீஸைத் தொடவில்லை. சரி, ஆணியும் சுத்தியும் கொடுத்துப் பார்ப்போம் என்று தோன்றியது. ஐப்பசி மழையில் தரை நனைந்து சாக்பீஸ் ஒட்டாமல் போனதும் ஒரு காரணம். அப்படிப் பிறந்ததுதான் அந்த வெள்ளிக்கிழமைப் பலகை.

அன்று இரவு அது சரிவராமல் போனபின், நூல் எங்கே வளைகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாய்வாகப் போகிற கம்பி உள்ளே எங்கும் வளைவதில்லை. ஓரத்துக்கு வந்தால்தான் திரும்புகிறது. அப்படியானால் ஆணி புள்ளியில் இருக்கக் கூடாது, ஓரத்தில் இருக்க வேண்டும். ஒன்பது ஆணியையும் பிடுங்கினேன்.

இரண்டாவது பலகையின் அளவு இது. செய்து பார்க்க விரும்புகிறவர்கள் அப்படியே செய்யலாம். புள்ளிக்குப் புள்ளி 2 இஞ்ச். கடைசிப் புள்ளியிலிருந்து ஓரத்துக்கு 1 இஞ்ச். ஆக, 3-க்கு 5 என்றால் 6 இஞ்ச் அகலம், 10 இஞ்ச் நீளம். முழுவதும் 1 இஞ்ச் கட்டம் பென்சிலால் போட்டுக்கொள்ளுங்கள். புள்ளிகளைப் பெயிண்டால் வையுங்கள், ஆணி வேண்டாம். ஒவ்வொரு புள்ளிக்கும் நேராக நான்கு ஓரங்களிலும் ஆணி அடியுங்கள்: அகலப் பக்கம் மும்மூன்று, நீளப் பக்கம் ஐந்தைந்து, மொத்தம் 16. பாதி ஆணி வெளியே நிற்கட்டும். நூலை ஓர் ஆணியில் கட்டி, சின்னக் கட்டங்களின் மூலைக்கு மூலை சாய்வாகக் கொண்டுபோய் எதிர்ப்படும் ஓரத்து ஆணியைச் சுற்றித் திருப்புங்கள். தொடங்கிய ஆணிக்கு வந்ததும் வெட்டி முடிச்சுப் போடுங்கள். தொடாத ஆணி மிச்சம் இருந்தால் அங்கே அடுத்த நிற நூல். முதலில் பூ கட்டும் நூல் எடுத்தேன், மெல்லிசாக இருந்து கண்ணுக்கே தெரியவில்லை. உல்லன் நூல்தான் சரி. ஆணியில் வழுக்காது, நிறமும் தெரியும்.

சனிக்கிழமை இந்த ஒரு பலகையைக் காட்டிவிட்டு, மற்ற அளவுகளுக்குத் துண்டுப் பலகைகளையும் சுத்தியையும் பையன்களிடம் கொடுத்தேன். கேள்வி கேட்டவனே 4-க்கு 6 பலகையை எடுத்துக்கொண்டான். 20 ஆணியையும் கோணாமல் அடித்தான். சிவப்பு நூல் பத்து ஆணியோடு முடிந்துவிட்டது. மிச்சம் பத்து. பச்சை நூல் அந்தப் பத்தையும் தொட்டு முடிந்தது. 'அக்கா, பாதிப் பாதி' என்றான்.

இதிலிருந்து நான் எதிர்பாராத ஒன்று வந்தது. 3-க்கு 3 பலகையில் மூன்று கம்பி. இரண்டு ஒல்லியான நீள வடிவம், ஒன்று அகன்ற சதுரம். எதற்கு நூல் அதிகம் பிடித்திருக்கும் என்று இல்லம் தேடிக் கல்வி அக்கா கேட்டார். எல்லோரும் சதுரம் என்றார்கள். ஒரு பெண் மட்டும் பேசாமல் மூன்று நூலையும் அவிழ்த்துத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டினாள். மூன்றும் ஒரே நீளம், ஏறக்குறைய 17 இஞ்ச். ஒல்லியானது சின்னது என்று கண் சொல்கிறது, நூல் இல்லை என்கிறது. அந்த மூன்று நூலையும் பிள்ளைகள் மாறி மாறி எடுத்து வைத்து அளந்துகொண்டே இருந்தார்கள். அவ்வளவு அமைதி அந்தப் படிப்பகத்தில் அதுவரை இருந்ததில்லை.

அடுத்த வாரம் சார்ட் தாளில் பெரிய கட்டம் போட்டு, மேலே 1 முதல் 6, பக்கவாட்டில் 1 முதல் 6 என்று எழுதி ஒட்டினோம். எந்தக் குழு எந்த அளவைப் போட்டு முடிக்கிறதோ அது தன் விடையைக் கட்டத்தில் எழுதும். பாதி நிரம்பியிருக்கும். 3-க்கு 6 போட்டால் 3 கம்பி, 4-க்கு 6 போட்டால் 2, 5-க்கு 6 போட்டால் 1. மூன்று நான்கு பிள்ளைகள் சார்ட்டுக்கு முன்னால் நின்று விரலை வைத்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது எங்களில் ஒருவர் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டார்: 'இது மீ.பெ.கா தான்பா! ஆறாம் வகுப்புல படிச்சிருப்பீங்களே, மீப்பெரு பொதுக் காரணி!'

உண்மைதான். 4ஐயும் 6ஐயும் மீதியில்லாமல் வகுக்கிற மிகப் பெரிய எண், அதாவது மீப்பெரு பொதுக் காரணி, 2. கம்பியும் 2. ஆனால் சொன்ன அந்த நிமிஷமே எல்லாம் அணைந்துவிட்டது. முணுமுணுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் விரலை எடுத்துவிட்டார்கள். ஒரு பையன் கையைத் துடைத்துக்கொண்டு, 'அப்ப இனிமே வரைய வேண்டாமா?' என்று கேட்டான். இன்னும் ஐந்து நிமிஷத்தில் அவர்களாகவே சொல்லியிருப்பார்கள். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. சொன்னவர் ஆசையில் சொன்னார், அவர்மேல் கோபம் இல்லை. ஆனால் கண்டுபிடிக்கிற சந்தோஷம் அந்தப் பிள்ளைகளுக்கு உரியது. அதை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அன்று மாலை நால்வரும் உட்கார்ந்து பேசி ஒரு முறைக்கு வந்தோம். சாக்பீஸும் நூலும் எங்கள் கைக்கு வரக் கூடாது. பிள்ளை கேட்டால், 'எனக்குக் காட்டு' என்பதுதான் முதல் பதில். பேசத் தோன்றினால் மனதுக்குள் இருபது எண்ண வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு அந்த வாரத்துக் கணக்கை நாங்களே போட்டுப் பார்க்க வேண்டும், அதுவும் விடை தெரியாதவர்களைப் போல முதலிலிருந்து. போஸ்ட்மாஸ்டர் சார் இருபது எண்ணுவதற்காகச் சட்டைப் பையில் புளியங்கொட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக இடப் பையிலிருந்து வலப் பைக்கு மாற்றுகிறார்.

கொட்டிய பாலை அள்ள முடியாது. ஆகவே கேள்வியை மாற்றினோம். மீ.பெ.கா என்பது சரி, ஏன்? புள்ளியைச் சுற்றி ஓடுகிற கம்பிக்கு வகுத்தல் எப்படித் தெரியும்? இதற்கு எங்கள் கல்லூரித் தம்பியிடமும் அப்போது பதில் இல்லை. அதை அவர் பிள்ளைகளிடமே சொன்னார். அதுவே அவர்களை மறுபடி குனிய வைத்தது.

இடையில் ஒரு தகராறு. ஒரு குழு 4-க்கு 4 தரையில் போட்டு 3 கம்பி என்றது. 4 வர வேண்டுமே என்று மற்றவர்கள். எண்ணிப் பார்த்தால் நிஜமாகவே மூன்றுதான். பேரனைக் கூட்டிப் போக வந்த ஓர் அப்பாயி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்து ஒரே பார்வையில் காலால் சுட்டினார்: 'இங்க மடக்கிட்டீங்க பாரு.' குறுக்கே வெட்டிப் போக வேண்டிய ஓரிடத்தில் இரண்டு கம்பிகளும் வெட்டாமல் முதுகு காட்டித் திரும்பியிருந்தன. அதனால் இரண்டு கம்பி ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. அப்பாயி தொடர்ந்தார்: 'சதுரமா வெச்சா வெச்ச புள்ளிக்கு அத்தன கம்பி வரும். நாலு வரும். ஒத்தக் கம்பியா வேணும்னா மூணு எடத்துல மடக்கணும். நாங்க அப்படித்தான் போடுவோம்.'

இரண்டு மடக்கில் முடியாதா என்று பிள்ளைகள் அரை மணி நேரம் முயன்றார்கள். ஒரு மடக்கு இரண்டு கம்பியை ஒன்றாக்கும், அவ்வளவுதான். நாலை ஒன்றாக்க மூன்றுக்குக் குறைந்து ஆகாது. ஐந்தாம் வகுப்புப் பெண்தான் இதைச் சொன்னாள், நாலு பேரைக் கைகோக்க வைத்துக் காட்டி. 1970களில் தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகியோர் கோலத்தை இலக்கண விதிகளாக எழுதிக் கணினி அறிவியலுக்குள் கொண்டுபோனார்கள். அந்த அப்பாயி போன்றவர்களின் கை எத்தனை விதிகளை வைத்திருக்கிறது என்று பார்த்தபோது, அவர்கள் ஏன் அந்த வேலையை எடுத்தார்கள் என்று எனக்குப் புரிந்தது.

ஏன் என்ற கேள்விக்குப் பதில் வர இரண்டு வாரம் ஆனது. வந்தது ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடமிருந்து, அந்த 3-க்கு 5 பலகையில். நான் பக்கத்தில்தான் இருந்தேன், அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அவள் பலகையின் ஒரு முனையில் 3-க்கு 3 சதுரத்தை மட்டும் காகிதத்தால் மூடினாள். மிச்சம் 3-க்கு 2 வெளியே தெரிந்தது. காகிதத்தின் விளிம்பில் மூன்று இடங்களில் நூல் உள்ளே போய் மறைந்தது, ஒவ்வோர் இடத்திலும் இரண்டு இழை வெட்டிக்கொண்டு. அவள் ஓர் இழையை விரலால் பிடித்துக் காகிதத்துக்கு அடியில் தொடர்ந்தாள். மேலே ஓர் ஆணி, அடுத்து முனையில் ஓர் ஆணி, கீழே ஓர் ஆணி, திரும்பி வெளியே. வெளியே வந்த இடம், உள்ளே போன அதே இடம். அடுத்த இழையைப் பிடித்தாள். அதுவும் போன இடத்திலேயே வந்தது. மூன்றாவதும் அப்படியே. அவள் என்னைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தே சொன்னாள்: 'உள்ள போறது அங்கயே திரும்பி வருது. அப்ப இங்க செவுரு இருந்தாலும் ஒண்ணுதான்.'

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று, பன்னிரண்டு. அவள் காகிதத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அடிஸ்கேலை நிறுத்தி வைத்தாள். 'இந்தச் சதுரத்த வெட்டிப் போட்டாலும் கம்பி எண்ணிக்கை மாறாது. 3-க்கு 5ம் 3-க்கு 2ம் ஒண்ணு. அதுல 2-க்கு 2 வெட்டுனா 1-க்கு 2. அதுல ஒண்ண வெட்டுனா 1-க்கு 1. ஒரு புள்ளி, ஒரு கம்பி.'

பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்துக்கொண்டே போ, இரண்டும் சமமானால் அதுதான் மீப்பெரு பொதுக் காரணி. கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் 2,300 ஆண்டுகளுக்கு முன்பு எழுதி வைத்த வழி இது. ஆறாம் வகுப்பில் காரணிச் செடி போட்டுக் கண்டுபிடிக்கிற அதே எண்ணை இவள் சதுரம் சதுரமாக வெட்டிக் கண்டுபிடித்தாள். கல்லூரித் தம்பி யூக்ளிட் பெயரைச் சொல்ல வாயெடுத்தார், என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அடுத்த வாரம்தான் சொன்னார். அப்போது அவள் கேட்ட கேள்வி: 'அவங்களும் கோலம் போட்டாங்களா?'

டிசம்பர் 22 ராமானுஜன் பிறந்த நாள். 1887இல் ஈரோட்டில் பிறந்தாலும் வளர்ந்ததும் படித்ததும் கும்பகோணத்தில். சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வீட்டை எங்கள் பிள்ளைகளில் பலர் பார்த்திருக்கிறார்கள். 2012 முதல் அந்த நாள் தேசியக் கணித நாள். 2024இல் அது ஞாயிற்றுக்கிழமை, மார்கழியும்கூட. படிப்பக வாசலில் 12-க்கு 18 போடுவது என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். அரை அடிக்கு ஒரு புள்ளி, 6 அடிக்கு 9 அடி, 216 புள்ளி, கம்பி குறுக்கே வெட்டும் இடம் 402. ஆறு கம்பி வர வேண்டும், ஆறு நிறம். கடையில் ஐந்து நிறம்தான் கிடைத்தது. ஆறாவதுக்குச் செங்கல்லை இடித்துச் சலித்தார்கள்.

விடிகாலை ஐந்தரைக்குப் புள்ளி வைத்தவர்கள் பையன்கள். ஏழு மணிக்குள் வெள்ளைக் கம்பி முழுவதும் போட்டாகிவிட்டது. பிறகு ஒவ்வொரு கம்பியாக நிறம். ஆறு கம்பிக்கும் சேர்த்து ஓரத்தில் 60 திருப்பம், கம்பிக்குப் பத்து என்று சார்ட்டில் எழுதி ஒட்டியிருந்தார்கள். சிவப்பு பத்தில் முடிந்தது. மஞ்சளும் முடிந்தது. பச்சை போட்டுக்கொண்டிருந்தவன் முன்பு 'எங்களுக்கு எதுக்கு' என்று கேட்ட பையன். பதினோராவது திருப்பத்தில் கையை நிறுத்திக் கத்தினான்: 'நிறுத்துங்க! இது பத்துல முடியணும். எங்கயோ மடங்கியிருக்கு.'

யாரும் விதியைச் சந்தேகப்படவில்லை. கோலத்தில்தான் தப்பு என்று எல்லோரும் நம்பினார்கள். 402 இடத்தையும் பார்ப்பதா என்று ஒருத்தி கேட்டதற்கு, 'பச்சை போற வழியில மட்டும் பாரு, அதுலதான் இருக்கும்' என்றான் அவனே. பச்சையைத் தொடங்கின இடத்திலிருந்து ஓரமாகக் குந்திக் குந்தி நகர்ந்தான். குழாயடி ஓரத்தில், ஐந்தாம் வரிசையில், இரண்டு வளைவு முதுகோடு முதுகாக நின்றது. ஈர விரலால் அழித்து, கோலப்பொடியை எடுத்து, இரண்டு கம்பியையும் குறுக்கே தாண்ட விட்டான். வழி மாறிப் போயிருந்த பச்சையைத் துடைத்து அங்கே நீலம் போட்டார்கள். பச்சை பத்தாவது திருப்பத்தில் தொடங்கின இடத்துக்கே வந்து சேர்ந்தது.